செவ்வாய்க்கிழமை ஏலம்

வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வரும் நிலத்தை எப்படி வாங்குவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் பல வருஷம் நைட் டியூட்டி பார்த்து ஓய்வு பெற்றவர். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே ஏலத்துக்குப் போய்ப் போய்த்தான் நாலு மனை சேர்த்தார் என்று பியர்லாந்து மீனாட்சி கோயிலில் பேசிக்கொள்வார்கள். நான் அவரை அக்கா என்பேன். அவருக்கு நான் மக்கா. அவருக்கு எல்லோருமே மக்காதான்.

அந்தச் சமயத்தில் யூடியூபில் ஒருவர், 5,000 டாலருக்கு வீடு வாங்கினேன் என்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். அதை அக்காவிடம் காட்டினேன். பாதிகூடப் பார்க்கவில்லை. "இவன் வீடு விக்கல மக்கா, கிளாஸ் விக்கான்" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார். "மொதல்ல இந்த ஊர்ல வரி எப்படி ஏறும்னு படிச்சிட்டு வா."

படித்தேன். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரமெல்லாம் வீட்டின் தலையில்தான் இறங்குகிறது. பள்ளிக்கூடம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), நகராட்சி, அரசு ஆஸ்பத்திரி என்று ஆளாளுக்கு ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். எல்லாம் கூடி வீட்டு மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் வரும். நம்மூரில் நகராட்சிக்குக் கட்டுகிற சொத்து வரியை மனசில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால், 3 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர். ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி பிறந்ததும் 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஒட்டிக்கொள்ளும். ஜூலைக்குள் அபராதம் 12 சதவீதமாகிவிடும். வட்டி மாதம் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் வசூல் வக்கீலின் கூலி என்று 20 சதவீதம் வரை போடலாம். அப்புறம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு, தீர்ப்பு, விற்பனை உத்தரவு, ஏலம்.

இது டெக்சாஸ் கதை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஃபுளோரிடா, அரிசோனா போன்ற இடங்களில் முதலில் ஏலம் போவது நிலம் அல்ல, வரிக் கடன். பாக்கியை நீங்கள் கட்டிவிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வட்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் வட்டியை 18 சதவீதத்தில் ஆரம்பித்துக் கீழே இறக்கிக் கேட்பார்கள். டெக்சாஸில் நேரடியாகப் பத்திரமே கைக்கு வரும். ஆனால் அந்தப் பத்திரத்துக்குள் ஒரு வால் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் தொடங்க வேண்டும் என்பது சட்டம். சாத்தூரிலிருந்து அம்மா போனில், "செவ்வாய்க்கிழமை போய் யாராச்சும் மனை வாங்குவாங்களா?" என்று சங்கடப்பட்டார். "செவ்வாய்தானே அத்தை பூமிகாரகன்" என்று என் மனைவி சொன்னதும் அடங்கிப் போனார்.

பயிற்சி என்று அக்கா தனியாக எதுவும் வைக்கவில்லை. ஏலத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு பட்டியல் வெளிவரும். அதை அச்செடுத்துக்கொண்டு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும். அவர் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். வார்டில் கேஸ் ஷீட் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படிப்பார். வழக்கு எண், யார் மீது யார் போட்ட வழக்கு, வரி அலுவலகக் கணக்கு எண், நிலத்தின் சட்ட விவரம், தீர்ப்பில் குறித்த மதிப்பு, குறைந்தபட்சக் கேள்வித் தொகை. "வாங்குறதுக்குத் தேடாத, வெட்டுறதுக்குத் தேடு" என்பார். பல மாதங்கள் நான் கற்றதெல்லாம் வெட்டுவதுதான். ஏலம் கேட்பது இந்தத் தொழிலில் கடைசியாக வருகிற சின்ன வேலை.

பட்டியலில் தெரு முகவரி ஒரு அடையாளத்துக்குத்தான். பல வரிகளில் அதுவும் இருக்காது. விற்பது சட்ட விவரத்தில் சொன்ன நிலத்தை: இன்ன மனைப்பிரிவு, இன்ன பிளாக், இன்ன லாட். முகவரியை நம்பிப் போய் நல்ல வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதன் பக்கத்துப் பள்ளத்தை ஏலம் எடுத்தவர்கள் உண்டு. அதனால் முதல் வேலை, கணக்கு எண்ணைக் கொண்டு மதிப்பீட்டு அலுவலகத்தின் வரைபடத்தில் அந்தத் துண்டைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தால் பாதிக்குப் பாதி அங்கேயே சிரிப்பு வந்துவிடும். ஆறடி அகலத்தில் நூறடி நீளத்துக்கு ஒரு கீற்று. இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவில் சர்வேயர் விட்டுவைத்தது. குடியிருப்பு கட்டியவர்கள் மழைநீர் தேங்க வெட்டிய குளம். நாலு பக்கமும் அடுத்தவர் நிலம் சூழ்ந்து, போக வழியே இல்லாத மனை. இதையெல்லாம் சொந்தக்காரரே வேண்டாம் என்று விட்டதால்தான் வரி ஏறியிருக்கிறது. குறைந்தபட்சத் தொகை 2,000 டாலர், 3,000 டாலர் என்று ஆசை காட்டும். யூடியூப்காரரின் நிலம் இந்த ரகமாக இருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். ஹூஸ்டன் ஒரு சமவெளிச் சதுப்பு. நகரத்துக்குள் ஓடும் சிற்றாறுகளை பேயூ என்பார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் நின்ற இடத்திலேயே நின்று கொட்டியபோது அந்த பேயூக்கள் ஊருக்குள் ஏறின. வெள்ள வரைபடத்தில் இரண்டு வண்ணங்களைப் பிரித்துப் பார்க்க அக்கா கற்றுக்கொடுத்தார். ஒன்று வெள்ளம் வந்து நிற்கக்கூடிய நிலம். தரையை உயர்த்தி, காப்பீடு எடுத்து, ஒருவழியாகக் கட்டிவிடலாம். மற்றது வெள்ளம் ஓடுகிற பாதை. அங்கே கட்ட அனுமதி வாங்குவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். காரில் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டிலும் புல் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறிப்பு உண்டு. வரிசையாக வீடுகள் இருக்கிற தெருவில் திடீரென்று ஏழெட்டு மனைகள் காலியாக, சிமென்ட் வண்டிப்பாதை மட்டும் ரோட்டிலிருந்து கிளம்பி எங்கேயும் போகாமல் நின்றால், அங்கே வெள்ளத்தில் மூழ்கிய வீடுகளை அரசு விலைக்கு வாங்கி இடித்திருக்க வாய்ப்பு அதிகம். "அரசாங்கமே ஓடிப்போன எடத்துல நமக்கு என்ன வேல?" என்று அக்கா வண்டியைத் திருப்பச் சொல்வார்.

ஹூஸ்டனில் இன்னொரு விசித்திரம், நகரம் முழுவதற்குமான மண்டலச் சட்டம் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் டயர் கடை இருக்கலாம். மண்டலச் சட்டம் செய்கிற வேலையைப் பழைய பத்திரங்களில் எழுதிய கட்டுப்பாடுகள் பார்க்கின்றன: இந்த மனையில் ஒரு குடும்ப வீடு மட்டும், இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும் என்பது மாதிரி. வரி ஏலம் முந்தைய அடமானத்தைத் துடைத்துவிடும், ஆனால் இந்தக் கட்டுப்பாடுகளைத் துடைக்காது. மின்கம்பி, குழாய் போகிற உரிமையும் அப்படியே இருக்கும். நிலத்தின் மேல் மத்திய வரித்துறையின் பற்றுரிமை இருந்தால், ஏலத்துக்குப் பிறகும் 120 நாள் அந்தத் துறை நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். தீர்ப்புத் தேதிக்குப் பிறகு ஏறிய வரி ஏலத் தொகையில் சேராது. வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். நம்மூர் வங்கி ஏலத்தில் இருக்கும் இடத்தில் இருக்கிறபடியே என்று போட்டிருப்பார்களே, இங்கேயும் அதேதான். உத்தரவாதம் என்று ஒரு சொல்கூடப் பத்திரத்தில் இருக்காது.

எனக்கு நன்றாகப் பழகிப்போன விஷயம் வாரிசு வில்லங்கம். தேர்ட் வார்டு, ஃபிஃப்த் வார்டு, ஏக்கர்ஸ் ஹோம்ஸ் போன்ற பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் தாத்தா வாங்கிய வீடு உயில் இல்லாமலே பேரன்வரை வந்திருக்கும். பதினோரு பேருக்குப் பங்கு. மூன்று பேர் கலிபோர்னியாவில். ஒருவர் எங்கே என்றே தெரியாது. யாரும் வரி கட்டவில்லை, அல்லது ஒருவர் மட்டும் தன் பங்குக்குக் கட்டிக்கொண்டு வந்தார். பட்டியலில் வழக்கின் தலைப்பே சொல்லிவிடும்: இன்னாரின் 'அறியப்படாத வாரிசுகள்' மீது என்று இருக்கும். கூட்டுப் பட்டாவில் கிடந்து உழன்ற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது புதுசா? சாத்தூரில் எங்கள் காரை வீட்டுக்கு வாரிசுச் சான்று வாங்க அப்பா தாலுகா ஆபீஸுக்கு நடந்த நடை எனக்குத் தெரியும். 'பிரிபடாத பாதிப் பங்கு' என்று ஒரு வரியில் போட்டிருந்ததும் நானே பேனாவை வாங்கி வெட்டினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இஞ்சி டீ இன்னொரு டம்ளர் வந்தது.

வெட்டாமல் மிஞ்சியவற்றுக்கு வழக்குக் கோப்பைப் படிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற எழுத்தரின் தளத்தில் பெயர் பதிந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. படிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கெல்லாம் சம்மன் போனது, எப்படிப் போனது? ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் அறிவிப்பு மூலம் சம்மன் செய்தார்களா? கண்டுபிடிக்க முடியாதவர்கள் சார்பில் நீதிமன்றம் ஒரு வக்கீலை நியமித்ததா? பதிவான அடமானக்காரர் ஒருவர் வழக்கில் சேர்க்கப்படாமல் விடுபட்டாரா? விடுபட்டிருந்தால் அவர் உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ஏலம் செல்லாது என்று வழக்குப் போடப் பொதுவாக ஓராண்டு, குடியிருப்பு வீடானால் இரண்டாண்டு அவகாசம் சட்டத்தில் உண்டு. சம்மனே சரியாகப் போகவில்லை என்றால் அந்தக் கெடுவும் காப்பாற்றாமல் போகலாம். ஏலத்தில் வாங்கிய நிலத்துக்கு உரிமைக் காப்பீடு தருகிற கம்பெனிகள் உடனே கிட்டே வராததற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் உரிமையை உறுதி செய்யும் வழக்கு ஒன்று போட்டுத் தீர்ப்பு வாங்கிய பிறகே வருவார்கள். அதற்கு ஆகும் வக்கீல் செலவை முதலிலேயே விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் நேரில் போய்ப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை இட்லியைக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். அக்கா காரிலிருந்து இறங்கியதும் முதலில் மனையைப் பார்க்க மாட்டார். எதிர் வரிசையைப் பார்ப்பார். எதிரே புது வீடு எழும்புகிறதா, ஜன்னலில் பலகை அடித்திருக்கிறதா? பிறகு தண்ணீர் மீட்டர் மூடி இருக்கிறதா என்று காலால் புல்லை விலக்கிப் பார்ப்பார். மூடி இருந்தால் குழாய் இணைப்பு ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அது சில ஆயிரம் டாலர் மிச்சம். பக்கத்து வீட்டு வாசலில் யாராவது உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுப்பார். நாகர்கோவில் ஆங்கிலம்தான், ஆனால் பத்து நிமிஷத்தில் அந்த மனையில் யார் இருந்தார், எப்போது இறந்தார், எந்த மகள் எங்கே இருக்கிறாள் எல்லாம் வந்துவிடும். நீதிமன்றக் கோப்பில் கிடைக்காத வாரிசு இப்படிக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏலத்தில் கலந்துகொள்ள ஒரு சான்று வேண்டும். நமக்கு அந்தக் கவுண்டியில் வரி பாக்கி எதுவும் இல்லை என்று வரி அலுவலகம் எழுதித் தர வேண்டும். 90 நாள் செல்லும். நியாயமான விதி. அது இல்லாமல் நிலம் யார் பேருக்கும் மாறாது.

ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் ஏலம் நான் போன காலத்தில் நைட் ரோட்டில் இருக்கும் பேயூ சிட்டி ஈவன்ட் சென்டர் என்ற பெரிய கூடத்தில் நடந்தது. ஏலம் விடும் கான்ஸ்டபிள் இங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற அதிகாரி. கவுண்டியில் எட்டுப் பகுதிகள், எட்டு கான்ஸ்டபிள்கள். எட்டுப் பேரின் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு மூலையில் நமக்கு வேண்டிய மனை வருகிற நேரத்தில் எதிர் மூலையில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கணவன் மனைவியாக, அப்பா மகனாக வந்து ஆளுக்கொரு பக்கம் நிற்பவர்கள் உண்டு. அன்று காலையில் பட்டியல் மெலிந்துவிடும். சொந்தக்காரர் கடைசி நேரத்தில் கட்டியிருப்பார், வக்கீலோடு தவணை பேசியிருப்பார், திவால் மனு போட்டிருப்பார். மூன்று வாரம் படித்துத் தேர்ந்தெடுத்த மனையை, "விலக்கப்பட்டது" என்ற ஒரே சொல்லில் கடந்து போவார்கள்.

கூட்டத்தைப் பார்த்தாலே யார் பழையவர் என்று தெரிந்துவிடும். புதியவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். பழையவர்கள் கூட்டத்தைப் பார்ப்பார்கள். வீடு கட்டி விற்கிறவர் ஒருவர் ஒரு தெருவில் ஏற்கெனவே மூன்று மனை வைத்திருந்தால் நாலாவதை விட மாட்டார். அவரோடு போட்டி போடுவது வீண். அக்கா எனக்குப் போட்ட கட்டளை: வீட்டில் ஒரு துண்டுச் சீட்டில் உச்ச விலையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள், கூடத்துக்குள் வந்தபின் கணக்குப் போடாதே. சிலர் கூடத்துக்கு வந்த பிறகே கணக்குப் போடுவதைப் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டே போனில் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பணம் அன்றைக்கே கட்டியாக வேண்டும். கடன் வாங்கிக் கட்டுகிறேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. வங்கிக் காசோலைகளைப் பல தொகைகளில் பிரித்து எடுத்துக்கொண்டு போனேன்.

நான் எடுத்தது வடகிழக்கு ஹூஸ்டனில் ஒரு காலி மனை. வெள்ளப் பாதையில் இல்லை, மீட்டர் மூடி இருந்தது, கோப்பில் சம்மன் சுத்தம். 22,000 டாலருக்கு முடிந்தது. சட்டைப் பைச் சீட்டில் 24,500 என்று எழுதியிருந்தேன். எதிரே கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் தொப்பியை ஒரு விரலால் தூக்கிவிட்டு நகர்ந்தார்.

இப்போது அந்த வாலுக்கு வருகிறேன். டெக்சாஸில் ஏலம் போன பிறகும் பழைய சொந்தக்காரருக்கு நிலத்தை மீட்கும் உரிமை உண்டு. அவர் குடியிருந்த வீடாகவோ விவசாய நிலமாகவோ இருந்தால் பத்திரம் பதிவான நாளிலிருந்து இரண்டு ஆண்டு. காலி மனை, வாடகை வீடு என்றால் 180 நாள். மீட்பவர் நாம் ஏலத்தில் கட்டியது, பதிவுச் செலவு, பிறகு கட்டிய வரி, நிலத்தைப் பராமரித்த நியாயமான செலவு எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். குடியிருந்த வீட்டை இரண்டாம் ஆண்டில் மீட்டால் 50 சதவீதம். புல் வெட்டிய கூலிக்குக் கணக்கு உண்டு. நீங்கள் ஆசைப்பட்டுக் கட்டிய சுவருக்குக் கிடையாது. ஆகவே அந்த 180 நாளும் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. புல்லை மட்டும் ஒழுங்காக வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிடும்.

ஐந்தாவது மாதம் ஒரு இளைஞர் போன் செய்தார். அந்த மனை அவர் பாட்டியுடையது. மீட்க வேண்டும், கணக்கு அனுப்புங்கள் என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அதற்குள் மனசில் ரெண்டு பெட்ரூம் வீடே கட்டிவிட்டிருந்தேன். அக்காவுக்கு போன் போட்டேன். "ரசீத எல்லாம் எடுத்து வரிசையா அடுக்கு. ஒரு டாலர் கூடுதலா போடாத, கேட்டியா?" என்றார். எல்லாம் சேர்த்து 24,000. அதன் மேல் கால் பங்கு 6,000. மொத்தம் 30,000 டாலருக்கு அவர் காசோலை தந்தார். நான் நிலத்தை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். நிலம் வாங்கப் போனவன் வட்டிக்கு விட்டவனாகத் திரும்பினேன். ஆனால் வட்டி நன்றாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

இந்தத் தொழிலில் ஆள் இருக்கும் வீடுகளை எடுக்கிறவர்கள் உண்டு. சட்டப்படி தப்பில்லை. அக்கா எடுக்க மாட்டார். ஒரு ஞாயிறு பட்டியலில் மிஞ்சிய வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். வாசலில் சக்கர நாற்காலிக்கான மரச்சரிவு, அதன் ஓரத்தில் பெயின்ட் டப்பாக்களில் செடி. நான் உச்ச விலையைக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன். அக்கா காரின் டாஷ்போர்டு அறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். 65 வயது கடந்தவர்களும் ஊனமுற்றவர்களும் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் வரியைத் தள்ளிவைக்கலாம். அவர்கள் அங்கே வாழும்வரை ஏலம் விட முடியாது. வட்டி ஏறும், ஆனால் வீடு போகாது. ஏலத் தேதி குறித்த பிறகும், ஐந்து நாளுக்கு முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்துவிட்டால் ஏலம் நிற்கும். கதவைத் திறந்த அம்மாளுக்கு 80 வயதிருக்கும். அவருக்கு இது எதுவும் தெரியாது. வந்த கடிதங்களையெல்லாம் பிரிக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். வரவேற்பறையில் உட்கார்ந்து அக்கா அவற்றைத் தேதி வாரியாக அடுக்கினார். ஏலம் நடந்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டின் வழக்கு எண்ணை "விலக்கப்பட்டது" என்று வாசித்தார்கள்.

திரும்பும்போது அக்கா சொன்னதைப் பிறகு நானே கோப்புகளில் சரிபார்த்தேன். ஏலத்துக்கு வரும் குடியிருப்பு வீடுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் கடன் முழுக்க அடைந்த வீடுகள். கடன் இருக்கும்வரை பெரும்பாலும் வங்கியே மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கிக் கவுண்டிக்குக் கட்டிவிடும். வங்கிக்குத் தன் அடமானம் முக்கியம், விடாது. கடன் முடிந்த மறுநாளிலிருந்து பில் நேரே வீட்டுக்காரருக்கு வரும். முப்பது வருஷம் தன் கையால் வரி கட்டியே பழக்கமில்லாதவருக்கு, எழுபது வயதில், பல ஆயிரம் டாலரை ஒரே தொகையாகக் கட்டு என்று காகிதம் வரும். வாழ்நாள் முழுதும் ஒழுங்காகக் கடன் அடைத்தவர் இப்படித்தான் மாட்டுகிறார்.

ஏலத்தில் பாக்கி போக மிஞ்சுகிற பணம் யாருக்கு என்பதும் இவர்களுக்குத் தெரியாது. டெக்சாஸில் அது நீதிமன்றத்தில் இருக்கும். பழைய சொந்தக்காரர் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பல மாநிலங்களில் அதுகூட இல்லாமல் இருந்தது. மினசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டியின் 15,000 டாலர் பாக்கிக்காக வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றுவிட்டு, மிச்சத்தையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம், அவருக்கு 94 வயதானபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சப் பணம் சொந்தக்காரருக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் 22,000 என்று கையைத் தூக்கக் கூசாமல் இருக்கிறது.

இப்போதும் பட்டியல் பார்க்கிறேன். பெரும்பாலும் வெட்டுகிறேன். காலி மனைகளைத் தவிர வேறு எதிலும் கை வைப்பதில்லை. இதில் இறங்க நினைக்கிற தமிழர்கள் சிலர் எனக்கும் போன் செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: காசோலை எடுக்காமல் ஒரு முதல் செவ்வாய் போய் நின்று பாருங்கள், நுழைய யாருக்கும் தடையில்லை. அதற்கு முன்னால், டெக்சாஸில் உங்கள் அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ கடன் முடிந்த சொந்த வீட்டில் இருந்தால், கவுண்டி வரித் தளத்தில் அவர்கள் கணக்கைத் திறந்து பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்கு 65 ஆகியிருந்தால் அந்த வயதுக்கான வரிச்சலுகை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தள்ளிவைக்கும் படிவம் மதிப்பீட்டு அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். வரி கட்ட ஜனவரி 31 கெடு.